தொடுறது வேற, அமுக்குறது வேற

போன் விஷயத்துல எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

பட்டன் வேணும். நிஜமான பட்டன். விரல் வெச்சா மேடு தெரியணும். அமுக்கினா உள்ள போகணும். ‘டிக்’னு பதில் சொல்லணும்.

இதைச் சொன்னா வீட்லயும் சரி, ஆபீஸ்லயும் சரி, “இன்னும் பட்டன் போன் காலத்துலயே இருக்கியா?”ன்னு கேக்குறாங்க. இல்லங்க. என்கிட்ட இருக்கறதும் டச் போன்தான். பேங்க், ரயில் டிக்கெட், கரண்ட் பில் எல்லாம் அதுலதான் ஓடுது. ஆனா போன வாரம் பெஞ்ச மழை இந்தப் பதிவை எழுத வெச்சுடுச்சு.

வண்டியில வந்துட்டு இருந்தேன். மழை வலுத்ததும் சென்னை கத்திப்பாரா பாலத்துக்குக் கீழ ஒதுங்கினேன். போன் அடிக்குது. அப்பா. பாக்கெட்லேர்ந்து எடுக்கறதுக்குள்ள கண்ணாடி முழுக்கத் துளி. பச்சை வட்டத்தைத் தள்றேன், நகர மாட்டேங்குது. துடைக்கலாம்னா கை ஈரம், சட்டை ஈரம், கைக்குட்டையும் ஈரம். கால் போயிடுச்சு. மறுபடி அடிச்சார். எப்படியோ எடுத்துட்டேன். காதுகிட்ட கொண்டு போறதுக்குள்ள வழிஞ்சு இறங்கின தண்ணி மியூட்டைப் போட்டுடுச்சு. அந்தப் பக்கம் அவர் “ஹலோ, ஹலோ”ன்னு கத்துறார். இந்தப் பக்கம் நானும் கத்துறேன். ரெண்டு பேருக்கும் நடுவுல மழை உக்காந்து போனை ஆபரேட் பண்ணுது.

அந்த நேரத்துல அந்த போன்ல சொன்ன பேச்சைக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஓரத்துல இருக்குற பட்டன். வால்யூம் ஏறுச்சு, இறங்குச்சு. பவர் பட்டனை அமுக்கினா ஸ்க்ரீன் அணைஞ்சுது. அவ்ளோ பெரிய கண்ணாடி மொத்தமும் படுத்துடுச்சு, ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற ரெண்டு சின்னத் துண்டு கடமை தவறாம வேலை பாக்குது!

ஏன் இப்படி?

இப்ப நம்ம கையில இருக்குற டச் ஸ்க்ரீன் எல்லாம் கெபாசிட்டிவ் வகை. கண்ணாடிக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுங்க குறுக்கும் நெடுக்குமா ஓடுது. நம்ம உடம்பு மின்சாரம் கடத்தும். விரல் கிட்ட வந்தா அந்த இடத்துல மின்புலம் லேசா மாறும். எந்தக் குறுக்குக் கோடு, எந்த நெடுக்குக் கோடுன்னு போன் பாத்து, ‘விரல் இங்க இருக்கு’ன்னு முடிவு பண்ணிக்கும். எவ்ளோ அழுத்தினீங்கங்கறது அதுக்கு ஒரு பொருட்டே கிடையாது. தண்ணி பட்டாலும் அந்தப் புலம் மாறும். சாதாரணத் துணி கிளவுஸ் போட்டா விரல் இருக்கறதே அதுக்குத் தெரியாது.

இப்ப ஓரத்துல இருக்குற பட்டனுக்கு வாங்க. அதுக்கு அடியில நடுவுல உப்பின ஒரு குட்டி உலோகத் தகடு இருக்கும். நாம அமுக்கினா அந்த உப்பல் சட்டுனு உள்ள மடங்கி, கீழ இருக்குற ரெண்டு முனையையும் சேத்து வெச்சுடும். விரலை எடுத்தா தானே மேல வந்துடும். நமக்குக் கேக்குற ‘டிக்’ அந்த மடங்கல்தான். வேலையை நடத்துறதும், நடந்துடுச்சுன்னு விரலுக்குச் சொல்றதும் அந்த ஒரே அசைவு. இதுல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. யாரோ ஒரு இன்ஜினியர் அந்தத் தகடு எவ்ளோ உப்பணும், எந்த அழுத்தத்துல மடங்கணும்னு மண்டையை உடைச்சிருப்பாங்க. நாம ஒரு தடவை கூட யோசிக்கறதில்ல. அதுதான் நல்ல டிசைனுக்கு அடையாளம்.

ஆனா ‘டிக்’ மட்டுமே விஷயம் கிடையாது.

உங்க போனை இப்பவே கையில எடுங்க. கண்ணை மூடிக்கோங்க. ஓரத்துல விரலை ஓட்டுங்க. வழவழன்னு போய்க்கிட்டே இருக்கும். திடீர்னு ஒரு மேடு. நீளமா இருந்தா வால்யூம். ஒரு சின்ன இடைவெளி. அடுத்தது குட்டையா இருக்கா? பவர். இவ்ளோ நேரமும் எல்லாத்தையும் தொட்டுட்டீங்க. ஆனா எதுவுமே நடக்கல, பாத்தீங்களா? நீங்க அமுக்கினாத்தான் நடக்கும். ராத்திரி இருட்டுல சுவத்தைத் தடவி சுவிட்ச் போர்டு தேடுறோமே, அதே வித்தைதான். முதல்ல தடவிக் கண்டுபிடி, ‘இதுதான்’னு உறுதி பண்ணு, அப்புறம் போடு.

பட்டன்ல தொடுறது வேற, அமுக்குறது வேற. ரெண்டு தனித்தனி வேலை.

டச்ல ரெண்டும் ஒண்ணு. தொட்டாலே அமுக்கின கணக்கு. தடவித் தேட வழியே இல்ல. தேடப் போற விரல், போற வழியில இருக்குறதையெல்லாம் அமுக்கிட்டே போகும். அதனாலதான் கண்ணு கட்டாயம் வேணும். கண்ணு ஸ்க்ரீன்ல, அப்புறம்தான் விரல்.

இந்தப் பதிவுல நான் சொல்ல வந்தது இதுதான். மீதி எல்லாம் இதுக்கு சாட்சி.

முதல் சாட்சி: காதுல மாட்டுற வயர்லெஸ் பட்ஸ்.

(இது போன் இல்லையேன்னு சொல்லாதீங்க. போனோட வாலாத்தான் வந்துச்சு.)

நான் வாங்கின ஜோடியில பட்டன் கிடையாது, வெளிப்பக்கம் முழுக்க டச். ஒரு தட்டு தட்டினா பாட்டு நிக்கும். ரெண்டு தட்டினா அடுத்த பாட்டு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா காதுல மாட்டின எதுவும் நடக்குறப்ப நழுவத்தானே செய்யும்? நழுவினா சரி பண்ணத்தானே கை போகும்? கை போனா பாட்டு நிக்குது. கால்ல இருந்தா கால் கட் ஆகுது. படுத்துக்கிட்டுப் பாட்டு கேட்டா தலையணை பாட்டை மாத்துது. கடைசியா செட்டிங்ஸ்ல போய் டச்சை மொத்தமா அணைச்சு வெச்சேன். அடுத்து வாங்கினதுல குட்டியா நிஜ பட்டன். காதைத் தொடலாம், சொறியலாம், திருகலாம். அமுக்கினா மட்டும்தான் பாட்டு நிக்குது. நிம்மதி.

இப்ப கொஞ்சம் பழைய கதை.

2003-ல வந்த நோக்கியா 1100 ஞாபகம் இருக்கா? 25 கோடிக்கு மேல வித்த போன் அது. டார்ச் லைட் எல்லாருக்கும் நினைவிருக்கும். எனக்குப் பிடிச்சது கீபேட். தூசி உள்ள போகாம எல்லாக் கீயும் ஒரே ரப்பர் விரிப்பா இருக்கும். அப்புறம் நம்பர் 5. பட்டன் போன் வெச்சிருக்கறவங்க 5 மேல விரல் வெச்சுப் பாருங்க, ஒரு சின்னப் புள்ளி இல்லேன்னா கோடு தட்டுப்படும். கம்ப்யூட்டர் கீபோர்டுல எஃப், ஜே மேல இருக்குற கோடும் இதே வேலைக்குத்தான். நடு இடம் தெரிஞ்சுட்டா சுத்தி இருக்குற எட்டு நம்பரும் கட்டை விரலுக்குத் தானா வந்துடும். கிளாஸ்ல பெஞ்சுக்குக் கீழ கையை வெச்சுக்கிட்டு, முகம் போர்டைப் பாத்தபடி எஸ்எம்எஸ் அடிச்ச தலைமுறை நாம. அந்தத் திறமையைக் கொடுத்தது அந்த ஒத்தைப் புள்ளி.

சரி, இந்தப் பட்டனை எப்ப விட்டாங்க?

ஒரே நாள்ல விடல. 2006-ல எல்ஜி சாக்லெட்னு ஒரு ஸ்லைடர் போன் வந்துச்சு. முன்னாடி கறுப்பா வழவழன்னு இருக்கும், தொட்டா சிவப்பா எரியற டச் கீ. பாக்க அவ்ளோ அழகு. ஆனா விரல் லேசாப் பட்டாலே வேலை செய்யும்னு அப்பவே புகார். 2007-ல ஐபோன். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில நின்னு பிளாக்பெரி, பாம் ட்ரியோ, நோக்கியா ஈ62, மோட்டோ க்யூ எல்லாத்தையும் காட்டி, ‘இந்த கீ எல்லாம் தேவைப்பட்டாலும் படலைன்னாலும் அங்கயே உக்காந்திருக்கு, மாத்தவே முடியாது’ங்கற அர்த்தத்துல பேசினார். (அவர் சொன்னதுல உண்மை இருக்கு. அதுக்குக் கீழ வர்றேன்.) ஆனா கவனிங்க, அவரே முன்பக்கம் ஒரு நிஜ பட்டனை வெச்சார். ஹோம் பட்டன். எங்க போய் மாட்டிக்கிட்டாலும் அதை அமுக்கினா வீட்டுக்கு வந்துடலாம்.

ஆண்ட்ராய்டு பக்கம் நிலைமை தலைகீழ். 2008-ல வந்த முதல் ஆண்ட்ராய்டு போன், எச்டிசி ட்ரீம், முழுக்கப் பட்டன். முன்னாடி அஞ்சு பட்டன், நடுவுல உருட்டுற பந்து, ஸ்க்ரீனைத் தள்ளினா உள்ள முழு கீபோர்டு. 2010 ஆரம்பத்துல நெக்ஸஸ் ஒன் வந்தப்ப ஸ்க்ரீனுக்குக் கீழ இருந்த நாலு கீயும் டச் ஆயிடுச்சு. சாம்சங் கேலக்ஸி நடுவழி பிடிச்சுது, நடுவுல நிஜ ஹோம் பட்டன், ரெண்டு பக்கமும் டச் கீ. 2011-ல கேலக்ஸி நெக்ஸஸும் ஆண்ட்ராய்டு 4.0-வும் அந்தக் கீயைத் தூக்கி ஸ்க்ரீனுக்குள்ளயே போட்டுடுச்சு. அப்புறம் அதுவும் போய், ஓரத்துலேர்ந்து விரலை இழுக்கற சைகை வந்துடுச்சு.

இதுல எனக்குப் பரம எதிரி, அந்த நடுக் காலத்து டச் கீங்கதான். ஸ்க்ரீனுக்குக் கீழ, பாடியில இருக்குமே, அதுங்க. நான் அப்ப வெச்சிருந்த போன்ல ஸ்பேஸ் பாருக்கு நேர் கீழ பேக் கீ. நடுவுல ஒரு அரிசி கனம் கூட இடம் கிடையாது. பெருசா ஒரு மெயில் அடிச்சுட்டு வருவேன். கட்டை விரல் நுனி ஸ்பேஸ் பாரைத் தட்டும், விரலோட சதை கீழ வழிஞ்சு பேக் கீயை உரசும். அவ்ளோதான். பக்கம் மூடிடும். அடிச்சது போச்சு. அதுலயும் கொஞ்ச நேரம் தொடலைன்னா அந்த கீயோட லைட் அணைஞ்சுடும். வெறும் கறுப்புக் கண்ணாடி. எங்க இருக்குன்னு விரலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனா உரசினா மட்டும் உயிரோட இருக்கும்! இந்த டிசைனுக்கு ஓகே சொன்னவங்க அந்த போன்ல நாலு வரி டைப் பண்ணிப் பாத்திருந்தா போதும், அடுத்த நாளே மாத்தியிருப்பாங்க.

நடுவுல சில பேர் இதே சிக்கலைப் புரிஞ்சுக்கிட்டு முயற்சி பண்ணாங்க, அதையும் சொல்லணும்.

2008-ல பிளாக்பெரி ஸ்டார்ம். ஸ்க்ரீன் மொத்தமுமே ஒரு பட்டன்! தொட்டா எழுத்து தேர்வாகும், ஸ்க்ரீனை அப்படியே அமுக்கினா ‘டக்’குனு உள்ள போய் எழுத்து விழும். தொடுறது வேற, அமுக்குறது வேறங்கறதை அவ்ளோ தெளிவாப் புரிஞ்சு பண்ணின போன் அது. ஆனா அவ்ளோ பெரிய கண்ணாடிக்கும் அடியில ஒரே ஒரு சுவிட்ச். ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்த ஸ்க்ரீனையும் அமுக்கி, அது மேல வர்ற வரைக்கும் காத்திருந்தா யாரு டைப் பண்ணுவாங்க? யோசனை சரி, செஞ்ச விதம் சரியில்ல. எனக்கு இன்னைக்கும் அந்த போன் மேல ஒரு பரிவு உண்டு.

2016-ல ஐபோன் 7. ஹோம் பட்டன் இருக்கும், ஆனா அது பட்டன் இல்ல. அசையவே அசையாது. அழுத்தத்தை சென்சார் கண்டுபிடிக்கும், உள்ள இருக்குற அதிர்வு மோட்டார் விரலுக்கு ஒரு குட்டி உதை கொடுக்கும், ‘உள்ள போச்சு’ன்னு மூளை நம்பிடும். முதல் தடவை ஒரு கடையில அமுக்கிப் பாத்தப்ப எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரு விரலை இவ்ளோ அழகா நம்ப வைக்க முடியுமான்னு! இதுல நல்ல விஷயம், வெறும் தொட்டா ஹோமுக்குப் போகாது, அழுத்தணும். குழியும் இருந்துச்சு, விரல் தானா அங்க போய் உக்காரும். அதனாலதான் அது ஜெயிச்சுது.

ஆனா போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு அதை அமுக்கிப் பாருங்க. வெறும் கல்லு. ‘டிக்’ போயிடும். ஏன்னா அந்த ‘டிக்’ சாஃப்ட்வேர் பண்ற வேலை. போன் ஹேங் ஆனா அந்தப் பட்டனும் சேந்து ஹேங். அதனாலதான் ஐபோன் 6எஸ் வரைக்கும் ஹோம் பட்டனையும் பவர் பட்டனையும் சேத்து அமுக்கி ரீஸ்டார்ட் பண்ற வழியை, 7-ல வால்யூம் பட்டனுக்கு மாத்தினாங்க. கடைசிக் கதவுக்கு நிஜ தாழ்ப்பாள்தான் வேணும்னு ஆப்பிளுக்கே தெரிஞ்சிருக்கு.

2018-ல எச்டிசி யு12+ ஒரு படி மேல போச்சு. ஓரத்து வால்யூம், பவர் எல்லாமே அசையாத பொய் பட்டன். அமுக்கினா சில நேரம் கேக்காது, சும்மா பிடிச்சா சில நேரம் கேக்கும்னு ரிவ்யூ பண்ணவங்க பல பேர் திட்டினாங்க. 2019-ல மெய்ஸூ ஜீரோன்னு பட்டனே இல்லாத, சார்ஜ் ஓட்டை கூட இல்லாத போன் ஒண்ணைக் காட்டினாங்க. பணம் திரட்டிப் பாத்தாங்க, தேறல. ஓரத்துப் பட்டன் மேல மக்களுக்கு இருக்குற நம்பிக்கை சாதாரணமில்ல.

இப்ப எதிர்க்கட்சி வாதத்தையும் கேப்போம். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு.

ஒண்ணு, இடம். ஹோம் பட்டன் போனதாலதான் அதே சைஸ் போன்ல இவ்ளோ பெரிய ஸ்க்ரீன் வந்துச்சு. ரெண்டு, தண்ணி. அசையற எதுக்கும் சுத்தி இடுக்கு வேணும், இடுக்குன்னா தண்ணியும் தூசியும் உள்ள போகும். அந்த அசையாத ஹோம் பட்டன் வந்த ஐபோன் 7-தான் ஐபி67 தரம் வாங்கின முதல் ஐபோன். மூணு, தேய்மானம். ஹோம் பட்டன் தேஞ்சு போய் ரிச்சி ஸ்ட்ரீட் சர்வீஸ் கடையில வரிசையில நின்ன காலம் உண்டு. தேயக்கூடாதுன்னே எத்தனை பேர் ஸ்க்ரீன்ல அந்த மிதக்குற வெள்ளை வட்டத்தைப் போட்டு வெச்சிருந்தாங்க! அசிஸ்டிவ் டச். பட்டனை அமுக்க முடியாதவங்களுக்காக ஆப்பிள் 2011-ல கொண்டு வந்த வசதி அது. நம்ம ஊர்ல பட்டனைக் காப்பாத்தற கவசமா ஆயிடுச்சு.

நாலாவதுதான் எனக்கு முக்கியம். தமிழ்.

நிஜ கீ மேல எழுத்து அச்சடிச்சா அச்சடிச்சதுதான். 12 கீ இருக்குற பட்டன் போன்ல நம்ம உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் அடிக்கறது எவ்ளோ பெரிய பாடு! மலேசியாவோட முத்து நெடுமாறன் 2005-லயே செல்லினம்ங்கற ஆப்பைக் கொண்டு வந்து அந்த கீபேட்லயும் தமிழ் அடிக்க வெச்சார், அது பெரிய சாதனை. ஆனாலும் பெரும்பாலான பேர் ஆங்கில எழுத்துலதான் தமிழை அடிச்சோம். டச் ஸ்க்ரீன் வந்ததும் கீபோர்டே தமிழா மாறி நின்னுச்சு. தமிழ்99 விசைப்பலகை வேணுமா, அதுவா மாறும். ஒலிபெயர்ப்பு வேணுமா, அதுவாவும் மாறும். எங்க பெரியம்மா இன்னைக்குக் குடும்ப குரூப்ல பத்தி பத்தியாத் தமிழ்ல எழுதுறாங்கன்னா அதுக்கு ஜாப்ஸ் சொன்ன அந்த வாதம்தான் காரணம். மாறுற வேலைக்கு மாறுற கீ வேணும். முழு மனசோட ஒத்துக்கறேன்.

அதனால என் சண்டை டச்சோட இல்ல. மாறாத வேலைக்கும் டச்சைக் கொண்டு வந்து வைக்கறதோடதான்.

கால் எடுக்கறது, கால் வைக்கறது, சத்தம் கூட்டறது, குறைக்கறது, சைலன்ட் போடறது, உதவி கூப்பிடறது. இதெல்லாம் என்னைக்கும் மாறாத வேலை. கண்ணு வேற எங்கயோ இருக்கறப்ப, கை ஈரமா இருக்கறப்ப, மனசு பதட்டமா இருக்கறப்ப செய்யற வேலை. இதுக்கு நிஜ பட்டன்தான் நியாயம்.

இதை என்னை விட அழகாப் புரிய வெச்சவர் பார்வையில்லாத நண்பர் ஒருத்தர். அவர் டச் போன்தான் வெச்சிருக்கார், அவர் வேகத்துக்கு நான் வர முடியாது. ஐபோன்ல ஸ்க்ரீனைப் படிச்சுச் சொல்ற வாய்ஸ்ஓவர் 2009-ல 3ஜிஎஸ்ஸோட வந்துச்சு, ஆண்ட்ராய்டுல டாக்பேக்கும் அதே வருஷம். அதைப் போட்டா என்ன நடக்கும் தெரியுமா? ஒரு தடவை தொட்டா எதுவும் திறக்காது. விரலுக்குக் கீழ என்ன இருக்குன்னு போன் வாயால சொல்லும். விரலை ஸ்க்ரீன் முழுக்க ஓட்டலாம், ஒவ்வொண்ணா சொல்லிட்டே வரும். வேணுங்கறது வந்ததும் ரெண்டு தட்டு. அப்பத்தான் திறக்கும்.

கவனிச்சீங்களா? தொடுறதையும் அமுக்குறதையும் மறுபடி பிரிச்சுட்டாங்க! பட்டன்ல இலவசமா இருந்ததை, கண்ணாடியில சாஃப்ட்வேர் எழுதித் திருப்பிக் கொண்டு வந்திருக்காங்க. நண்பர் பக்கத்துல உக்காந்து அவர் விரல் போற போக்கைப் பாத்தப்பதான் எனக்கு இந்த விஷயம் முழுசாப் பிடிபட்டுச்சு.

அடுத்தது, அவசரம்.

2016-ல மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு விதி போட்டுச்சு. 2017 ஜனவரி 1-லேர்ந்து இந்தியாவுல விக்கற எல்லா போன்லயும் பேனிக் பட்டன் வேணும்னு. எப்படி? பட்டன் போன்னா 5 அல்லது 9-ஐ அமுக்கிப் பிடிக்கணும். ஸ்மார்ட் போன்னா பவர் பட்டனை அடுத்தடுத்து மூணு தடவை அமுக்கினாலும் போகணும். யாரோ பின்னாடி வர்றாங்க, கை பையில இருக்கு. அந்த நேரத்துல லாக் எடுத்து, ஆப் தேடி, சிவப்பு வட்டத்தை இழுக்கச் சொல்ல முடியுமா? ஒரு பொண்ணு பைக்குள்ளயே விரலால தேடி அமுக்க முடியணும். அந்த விதியை எழுதினவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு. (5 வந்துச்சு பாத்தீங்களா? புள்ளி வெச்ச கீ!)

பட்டனும் தப்பு பண்ணும், அதையும் சொல்லிடறேன். ஆண்ட்ராய்டுல பவர் பட்டனை அஞ்சு தடவை அமுக்கினா எமர்ஜென்சிக்குப் போற வசதி பரவினப்ப, 2023-ல பிரிட்டன் போலீசுக்குப் பாக்கெட்லேர்ந்தே ஏகப்பட்ட பேச்சில்லாத கால் போய், செட்டிங்ஸைப் பாருங்கன்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க. அதனால எத்தனை தடவை, எவ்ளோ வேகம், போறதுக்கு முன்னாடி எத்தனை நொடி அவகாசம்னு யோசிச்சு வைக்கணும். உங்க போன்ல அது எப்படி இருக்குன்னு செட்டிங்ஸ்ல போய்ப் பாத்து வெச்சுக்கோங்க. சும்மா அமுக்கி டெஸ்ட் பண்ணாதீங்க, நிஜமாவே 112-க்குப் போயிடும்.

போனைத் தாண்டியும் ஒரு உதாரணம். 2017 ஆகஸ்ட்ல சிங்கப்பூர் பக்கத்துல அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோட மோதி 10 மாலுமிங்க இறந்தாங்க. டச் ஸ்க்ரீன்ல கப்பல் ஓட்டற கட்டுப்பாட்டை ஒரு கன்ட்ரோல் மேசையிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்துறப்ப வந்த குழப்பமும் காரணத்துல ஒண்ணுன்னு விசாரணையில வந்துச்சு. 2019-ல அமெரிக்கக் கடற்படை, வேகத்தைக் கட்டுப்படுத்த மறுபடி கைப்பிடியே வைக்கப் போறோம்னு சொல்லுச்சு. ஐரோப்பாவுல கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் கொடுக்கற யூரோ என்கேப் அமைப்பும் 2026-லேர்ந்து இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் மாதிரி விஷயங்களுக்கு நிஜ சுவிட்ச் இருந்தாத்தான் முழு மார்க்னு விதியை மாத்திடுச்சு. கண்ணு ரோட்ல இருக்கணும்னா விரலுக்கு மேடு வேணும். அவ்ளோதான்.

போன் கம்பெனிங்களும் திரும்பி வர்றாங்க. ஆப்பிள் 2023-ல 15 ப்ரோவுல ஆக்ஷன் பட்டன் வெச்சுது, 2024-ல 16-ல கேமராவுக்குத் தனிப் பட்டன் வெச்சுது. சந்தோஷம்.

ஆனா அந்த ஆக்ஷன் பட்டனுக்காக எதை எடுத்தாங்க? 2007-லேர்ந்து இருந்த சைலன்ட் சுவிட்சை! அதுல எனக்கு மனத்தாங்கல் உண்டு. அந்த சுவிட்ச் முன்பக்கமா இருக்கா பின்பக்கமா இருக்கான்னு பாக்கெட்டுக்குள்ள விரல் விட்டாலே தெரியும். துக்க வீட்டுக்குள்ள நுழையறப்ப போனை வெளிய எடுக்காமலே ‘சைலன்ட்லதான் இருக்கு’ன்னு உறுதி பண்ணிக்கலாம். அமுக்கற பட்டன்ல அது முடியாது. அமுக்கிட்டு அதிர்வு எப்படி வருதுன்னு கவனிக்கணும், இப்ப போட்டோமா எடுத்தோமான்னு. ஒன்பிளஸும் 2015-லேர்ந்து வெச்சிருந்த அந்த நல்ல ஸ்லைடரை 2025-ல 13எஸ்லேர்ந்து எடுத்துட்டு பட்டன் வெச்சுடுச்சு. நிலையைத் தொட்டே தெரிஞ்சுக்கற வசதி ரொம்ப அபூர்வம். அதை இவ்ளோ சுலபமா விட்டிருக்கக் கூடாது.

கடைசியா, இருக்குற பட்டனையே நல்லாப் பயன்படுத்த சில வழி. நிறைய பேருக்குத் தெரியாது.

அப்பாவுக்கு டச் போன்ல கால் எடுக்கறதுதான் பெரிய போராட்டம். வயசான விரல் காஞ்சு போயிருக்கும், ஸ்க்ரீன் சரியாப் பிடிக்காது. தள்றதுக்குப் பதிலாத் தட்டுவார், பச்சைக்குப் பதிலா சிவப்பு போயிடும். அவரோட சாம்சங் போன்ல கால் செட்டிங்ஸ்க்குள்ள போய், வால்யூம் அப் கீயை அமுக்கினா கால் எடுக்கற மாதிரியும், பவர் கீயை அமுக்கினா கால் வைக்கற மாதிரியும் போட்டுக் கொடுத்தேன். “மேல் பட்டனை அமுக்குங்கப்பா, எடுத்துடும். பக்கத்துல இருக்கறதை அமுக்கினா வெச்சுடும்.” ஒரு தடவை சொன்னேன். அன்னைக்கு சாயங்காலமே தோட்டத்துக்குத் தண்ணி விட்டுக்கிட்டே, ஈரக் கையோட என் காலை எடுத்தார். “இதை முதல்லயே வெச்சுத் தொலைய வேண்டியதுதானேடா இவனுங்க!”ன்னு கம்பெனிக்காரங்களைத் திட்டினார். நியாயமான கேள்வி.

மத்த ஆண்ட்ராய்டு போன்லயும் அக்சஸிபிலிட்டிக்குள்ள ‘பவர் பட்டன் காலை முடிக்கும்’னு ஒரு வசதி பெரும்பாலும் இருக்கும், தேடிப் பாருங்க. பவர் பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா கேமரா திறக்கற மாதிரி வெச்சுக்கோங்க. படம் எடுக்க வால்யூம் பட்டனைப் பயன்படுத்துங்க, ஸ்க்ரீனைத் தட்டறப்ப வர்ற ஆட்டம் குறையும்.

அடுத்த போன் வாங்கக் கடைக்குப் போறப்ப, மெகாபிக்ஸல் கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. போனை ஒத்தைக் கையில பிடிச்சு, ஸ்க்ரீனைப் பாக்காம, வால்யூமும் பவரும் எங்கன்னு விரலாலயே தேடுங்க. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி தெரியுதா? அமுக்கினா தெளிவா மடங்குதா, இல்ல கொழகொழன்னு இருக்கா? கவர் போட்டும் ஒரு தடவை பாருங்க. சரியில்லைன்னா விக்கறவர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க, “பட்டன் நல்லாயில்ல, அதான் வேணாம்”னு. கேமரா நல்லாயில்லன்னு நாம சொல்லிச் சொல்லித்தானே கேமரா நல்லாச்சு? பட்டனுக்கும் வாய் விட்டுக் கேட்டாத்தான் கிடைக்கும்.

உங்க போன்ல உங்களுக்குப் பிடிச்ச பட்டன், இல்ல காணாம போய் நீங்க ஏங்கற பட்டன் எதுன்னு எழுதுங்க. அந்தப் பழைய சைலன்ட் சுவிட்சுக்கு ஆள் சேக்கறேன் நான்.